இடது கை ட்ராக்

ஸ்டூடியோ என்று நாங்கள் சொன்னால், வந்து பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆரியசாலையில் ஒரு மொத்தப் பருப்புக் கடையின் மாடியில் ஓர் அறை, அவ்வளவுதான். அப்பா இருந்தவரை கடை எங்களுடையது. இப்போது கீழே வேறொருவர் நடத்துகிறார், மாடி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை லாரி வந்து நிற்கும், மூட்டை இறங்கும். ஒவ்வொரு மூட்டை விழும்போதும் எங்கள் தரை லேசாக அதிரும். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வது தனிக் கச்சேரி. அங்கே மைக் வைத்து ஒரு தும்மலைக்கூட ஒழுங்காகப் பதிவு செய்ய முடியாது. அதனால்தான் மைக்கே வேண்டாத வேலையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டோம். தம்பி கீபோர்டு வாசிப்பான், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கோயில் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா, நாட்டியப் பள்ளிக்கான இசை என்று எது வந்தாலும் வீணையும் வயலினும் மத்தளமும் கம்ப்யூட்டருக்குள்ளிருந்தே வரும்.

நான் சொல்லப்போவது தம்பியின் இடது கையைப் பற்றி. அது அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை அவன் எல்லோரிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கை போனால் அவனுக்குச் சோறும் போகும், பேரும் போகும். கல்யாணம் என்று பேச்செடுத்தால் கீபோர்டைக் காட்டிச் சிரிக்கிற ஆள் அவன். அது போனால் அவனுக்கு வேறு என்ன மிச்சம், சொல்லுங்கள்?

முதலில் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. அவன் வாசிப்பது ஒலியாகப் பதிவாகாது. எந்தக் கட்டையைத் தொட்டான், எவ்வளவு பலமாகத் தொட்டான், எப்போது விரலை எடுத்தான் என்பது மட்டும் பதிவாகும். அதைப் படித்துக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் வாத்தியம் ஒலி எழுப்பும். சமையல்காரரிடம் சொல்லி வைத்த பக்குவம் மாதிரி அது. உப்பைக் குறைக்கலாம், புளியைக் கூட்டலாம், நாளைக்குக்கூட மாற்றலாம். ஆனால் வேலையை வெளியே கொடுக்கும்போது பக்குவத்தைக் கொடுக்க முடியாது, சாம்பாரைத்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் கம்ப்யூட்டரில் எங்கள் வாத்தியங்கள் இருக்காதே. அதனால் ஒவ்வொரு பகுதியையும் ஒலியாக மாற்றி, ஒவ்வொரு ஆடியோ ட்ராக்காக ஆக்கித் தர வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் இறக்குறது. கீழே மூட்டை இறக்குகிறார்கள், மேலே நாங்கள் ட்ராக் இறக்குகிறோம். இறக்கிவிட்டால் பிறகு உப்பும் இல்லை, புளியும் இல்லை.

இறக்குவது என் வேலை. தம்பிக்கு அதில் பொறுமையே கிடையாது. ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாக வைத்து முழுவதும் கேட்க வேண்டும். கடைசிச் சுரம் நின்ற பிறகும் அதன் கார்வை மெல்ல மெல்ல அடங்கும். நாங்கள் அதை வால் என்போம். வால் முழுக்க அடங்கும்வரை காத்திருந்து இறக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால், பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ வாயைப் பொத்தியது போல இருக்கும். "நீ இறக்குக்கா, நான் போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாரேன்" என்று தம்பி இறங்கிப் போய்விடுவான். எத்தனையோ வருஷமாக இதுதான் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வாசித்தது சரியில்லை என்றால் நான் "ஒண்ணுகூடி" என்பேன். இன்னொரு தடவை என்று அர்த்தம், இந்த ஊர் மலையாளப் பேச்சு. சாஃப்ட்வேரில் தாளத்துக்கு முன்னே பின்னே விழுந்த சுரங்களையெல்லாம் இழுத்துக் கோட்டில் நிறுத்துகிற வசதி இருக்கிறது. ஒரு பொத்தான் போதும். ஆனால் அவன் இடது கையில் மட்டும் நான் அதைப் போடக் கூடாது. "வலது கைய என்ன வேணும்னாலும் பண்ணு. இடதுல தொட்டேன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும், கேட்டியா" என்பான். பேஸ் என்கிற அந்தக் கீழ்க்குரல் முழுக்க அவன் இடது கையில்தான் இருந்தது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்து, கடைசி நொடியில் வந்து விழும். இந்த ஊரில் பெரிய கச்சேரிக்காரர்கள்கூட மேடை ஓரத்தில் நின்று அந்தக் கையைப் பார்த்திருக்கிறார்கள். நான் அவனை நேரில் புகழ்ந்ததே இல்லை. அக்கா புகழ்ந்தால் தம்பி கெட்டுப்போவான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மழை விட்டு, ஓணம் முடிந்து, நவராத்திரி வேலைகள் குவிந்த நேரம் அது. ஒரு நாட்டியப் பள்ளியிலிருந்து முழு நாடகத்துக்கும் இசை கேட்டிருந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் தம்பி மேடையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றார் அந்த நாட்டிய டீச்சர். வழக்கமாக மேடை என்றால் தம்பிக்கு நாக்கில் எச்சில் ஊறும். அன்றைக்கு, "வேண்டாம் டீச்சர், எல்லாத்தையும் இறக்கித் தந்துருதோம், அதாக்கும் சேஃப்" என்றான். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு என் முன்னால் வாசிப்பதே நின்றது. கரமனையில் அவன் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டரும் கீபோர்டும் உண்டு. "காலையில வீட்ல இருந்தே போட்டுட்டு வாரேன், இங்க ஒரே சத்தம்" என்றான். பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவன் சொல்கிற பேச்சா இது? அதைவிடப் பெரிய கூத்து, அவன் கொண்டுவந்த பென் டிரைவில் பாட்டுகள் ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தன. ஜென்மத்தில் ஒரு ட்ராக் இறக்கியறியாதவன்! எல்லாவற்றிலும் வால் வெட்டுப்பட்டிருந்தது.

"யார்டே உனக்கு இந்த வேலையச் சொன்னது? கொத்திக் கொதறி வச்சிருக்க" என்று சத்தம் போட்டேன்.

"உனக்கு வேலை மிச்சம்னு நெனச்சேன். சாரமில்லக்கா, விடு."

சாரமில்ல என்றால் பரவாயில்லை என்று பொருள். அந்த வாரம் முழுக்க அவன் வாயில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. பைக் எங்கே என்றால் சாரமில்ல, பஸ்ஸில் வந்தேன். கிழக்கேகோட்டையில் இறங்கி வெயிலில் நடந்தே வருவான். பைக் கிளட்ச் இடது கையில் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. எப்போதும் வேட்டியில் திரிகிறவன் பேண்ட்டுக்கு மாறியிருந்தான். வேட்டியை மடித்துக் கட்ட இரண்டு கையும் வேண்டும் என்பதும் தோன்றவில்லை. "என்னடே, ஆபீசர் ஆயிட்டியா?" என்று கேலிதான் செய்தேன்.

அதே நாட்களில் எனக்கும் ஒரு எரிச்சல் இருந்தது. செய்த தப்பைத் திரும்பப் பெற, கம்ப்யூட்டர் கீபோர்டின் ஓரத்திலுள்ள ஒரு பொத்தானை இடது சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு பக்கத்துப் பொத்தானைத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம். அது சரியாக விழவே இல்லை. நான் தட்டியதும் தப்பு அப்படியே நிற்கும். சாலை பஜாரில் வாங்கிய கீபோர்டு, கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டு வேறு வாங்கி வந்தேன். அதுவும் அதே லட்சணம். "இந்தக் காலத்துல எல்லாம் ரெண்டு மாசத்துச் சாமான்" என்று புலம்பினேன்.

இதைச் சொல்ல இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இடது கைக்கு வேலையே கிடையாது. சாப்பிடுவது வலது, கொடுப்பது வலது, வாங்குவது வலது. சின்ன வயதில் இடது கையை நீட்டினால் அம்மா புறங்கையிலேயே ஒன்று வைப்பாள். பஜாரில் இன்னும் மோசம், இடது கையால் சரக்கை நீட்டினால் காலை வியாபாரம் கெட்டது என்பார்கள். அப்படி வளர்ந்த ஒரு மனிதன் இடது கையை மடியிலேயே வைத்திருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? மரியாதை தெரிந்தவன் என்றுதான் சொல்வார்கள். எங்கள் அப்பாவை அப்படித்தான் சொன்னார்கள்.

அப்பா கல்லாவில் உட்காரும்போது இடது கையைத் தோள் துண்டுக்குக் கீழே வைத்திருப்பார். துண்டு விலகினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருப்பது தெரியும். பருப்பு வியாபாரிகள் சாம்பிளை விரலில் வைத்து அப்படித்தான் உருட்டிப் பார்ப்பார்கள், ஈரமா, உலர்ந்ததா, சொத்தையா என்று. வெறும் கையில் பதம் பார்க்கிறார் என்று பஜாரே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். உறக்கத்திலும் தொழில் நினைப்பு என்று அம்மா பெருமைப்பட்டாள். அவர் நடக்கும்போது கால் இழுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓணம் முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று அவரே தள்ளிப்போட்டதுதான் அதிகம். கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும் அந்த இரண்டு விரல் மட்டும் ஓயாமல் பருப்பை உருட்டிக்கொண்டிருந்தது. அது நரம்பு வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் தம்பியும் நானும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் இடது கை தொடைமேல் கிடந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் மெல்ல உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

"என்னடே, நீயும் பருப்புப் பதம் பாக்கியா?" என்று கேட்டேன். சத்தியமாக, வேடிக்கையாகத்தான் கேட்டேன். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அவன் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான். "கை குளிருது, ஏசியக் கொற" என்றான். எழுந்து சாயா குடிக்கப் போய்விட்டான். கீழே ஒரு மூட்டை விழுந்து தரை அதிர்ந்தது. மனசு எவ்வளவு பெரிய கள்ளன் பாருங்கள். ஏசி அதிகம்தான் என்று எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நாட்டிய டீச்சர் போன் செய்தார். "ஆ மூணாமத்தெ பாட்டு கொறச்சு கூடி பதுக்கெ வேணம். குட்டிகளோட கால் எத்துன்னில்லா" என்றார். பிள்ளைகளின் கால் தாளத்துக்கு எட்டவில்லை, மூன்றாவது பாட்டு இன்னும் மெதுவாக வேண்டும். நியாயமான கோரிக்கைதான். இறக்காத பாட்டாக இருந்தால் வேகத்துக்கான எண்ணை மாற்றினால் போதும், வாத்தியங்கள் எல்லாம் தானாக மெதுவாகும். இறக்கிய ஒலியை இழுத்து மெதுவாக்கினால் நாராசமாக இருக்கும்.

தம்பிக்குப் போன் போட்டேன். "மூணாம் பாட்டோட ஒரிஜினல கொண்டு வா."

"இல்லக்கா, இறக்கினதும் அழிச்சுட்டேன்."

"அழிச்சியா? கூறு கெட்டவனே, யாராவது பக்குவத்த அழிப்பாவளா?"

"எடம் இல்ல கம்ப்யூட்டர்ல. நான் புதுசா போட்டுத் தாரேன், ரெண்டு நாள் தா."

ரெண்டு நாள்! ஒரு காப்பி ஆறுவதற்குள் வாசித்துத் தள்ளுகிறவனுக்கு ஒரு பேஸ் ட்ராக்குக்கு ரெண்டு நாளா? எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அவன் கொடுத்த பென் டிரைவை எடுத்துச் சொருகினேன். ஆடியோ மட்டுமல்லாமல் மொத்த வேலையையும் அப்படியே அதில் காப்பி செய்து வைத்திருந்தான். அங்கேதான் மாட்டிக்கொண்டான். இறக்கிப் பழக்கமில்லாதவனுக்கு ஒன்று தெரியாது. எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு பகுதியை இறக்கினால் அது அழிவதில்லை. ஒலியை அணைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கி வைக்கும், அவ்வளவுதான். திரையில் காணோம் என்றதும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. மறைந்ததைக் காட்டு என்று ஒரு கட்டளை கொடுத்தேன், வரிசையாக எழுந்து வந்தன.

பேஸ் ட்ராக்கைத் திறந்தேன். ஒவ்வொரு சுரமும் ஒரே பலம். ஒரே நீளம். கோடு போட்டது போலத் தாளத்தின் நடு உச்சியில் நின்றன. எந்த மனிதக் கையும் அப்படி வாசிக்காது. மவுஸால் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறான். தன் இடது கையைத் தொடாதே என்று என்னிடம் சீறியவன், அந்தக் கையே இல்லாமல் பாட்டை முடித்திருக்கிறான். காலையில் போட்டு வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொரு காலையும் இதைத்தான் செய்திருக்கிறான்.

அதற்கு அடியில் இன்னும் இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தால் எங்கள் சாஃப்ட்வேர் ஒவ்வொரு முயற்சியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைக்கும். கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது அந்த அடுக்கு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் கிடைத்ததைத் தனியாக ஓட்டினேன்.

ஆரம்பம் அவன்தான். அந்த மயிரிழைச் சாய்வு இருந்தது, எனக்கு நெஞ்சே நிறைந்தது. மூன்றாவது சுற்றில் சுண்டுவிரலுக்கான சுரம் வரவில்லை. தாளம் போய்விட்ட பிறகு, யாரோ கதவுக்கு வெளியிலிருந்து தட்டுவது போலச் சின்னதாக வந்தது. பிறகு இரண்டு கட்டை சேர்ந்து விழுந்தது. பிறகு ஒரு சுரம் ஒலித்தது, நிற்கவே இல்லை. விரலை எடுக்க முடியவில்லை அவனுக்கு. நீண்டு நீண்டு போன அந்த ஒற்றைக் கீழ்க்குரல் பாட்டுக்குள் எங்கும் சேராமல் தனியாக முனகியது. கடைசியில் அது பட்டென்று அறுந்தது. வலது கையால் இடது கையைப் பிடித்துத் தூக்கியிருப்பான். அடுத்த முயற்சியிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். சுரத்தைப் படமாகக் காட்டும் திரையில், பலத்தைக் காட்டும் சின்னக் கம்புகள் ஒவ்வொரு முயற்சியிலும் குட்டையாகிக்கொண்டே போயின. நல்ல வெளிச்சமுள்ள பகல் நேரம், கீழே ஆட்கள் சிரித்துப் பேசி மூட்டை இறக்குகிறார்கள். நான் ஹெட்போனைக் கழற்றினேன். "ஐயோ என் தம்பி" என்று வாய்விட்டே சொன்னேன்.

போன் செய்து உடனே வா என்றேன். வந்தான். மறைந்திருந்த ட்ராக்குகளைத் திரையில் அப்படியே விட்டிருந்தேன். பார்த்தான். நின்றான்.

"வாசி" என்றேன்.

"எதுக்கு?"

"வாசிடே. என் முன்னால."

"வேண்டாம்க்கா."

"வாசின்னா வாசி!"

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான். கட்டைகள்மேல் வைத்தான். சுண்டுவிரல் உள்ளே சுருண்டிருந்தது, மற்ற விரல்கள் காற்று பட்ட தாள் போல ஆடின. நான் பார்த்துக்கொண்டே இருக்க, அவன் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேடிப் போய் உரச ஆரம்பித்தது. அவன் வாசிக்கவே இல்லை.

"எப்பலேந்து?" என்றேன்.

"மழை தொடங்கினப்ப. அதுக்கும் முன்னாலயே இருக்கும்."

"யார்ட்டயும் சொல்லலியா?"

"என்னத்தச் சொல்ல? இது என்னன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா கைய நம்ம ரெண்டு பேருந்தானே தொடச்சி விட்டோம்." கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டு சொன்னான், "நவராத்திரி முடியட்டும். பின்னே போலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். "அப்பாவும் இதத்தான் சொன்னாரு! ஓணம் முடியட்டும், பொங்கல் முடியட்டும்னு! என்னத்த முடிஞ்சுது? அவரு முடிஞ்சாரு!" என்று கத்தினேன். கத்திவிட்டு நானே அழுதேன். அவன் அழவில்லை. வலது கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டான். டாக்டரிடம் போவதற்கு முன்னால் மூன்றாம் பாட்டின் பேஸை அவனே வாசிப்பான், நான் எதையும் திருத்தாமல் அப்படியே இறக்க வேண்டும். டீச்சர் கேட்ட மாதிரி வேகத்தைக் குறைத்தேன். அந்த மெதுவான நடையில் அவன் கை எப்படியோ எட்டிப் பிடித்தது. முதல் தடவை தவறியது. ஒண்ணுகூடி என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மறுபடியும் தவறியது, மறுபடியும் சொன்னேன். அவன் நெற்றியில் வேர்வை கோத்து நின்றது. கடைசியில் ஒன்று முழுசாக வந்தது. சுண்டுவிரல் சுரம் ஒவ்வொரு சுற்றிலும் பிந்தித்தான் விழுந்தது, ஆனாலும் விழுந்தது. நான் ஒரு சுரத்தைக்கூட நகர்த்தவில்லை. அவன் சாயா குடிக்கப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைக் குனிந்து கேட்டான். வால் முழுக்க அடங்கும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம்.

டீச்சர் கேட்டுவிட்டு, "இப்போழாணு ஜீவன் வந்நது" என்றார். இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்று. நான் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டேன். வேறு என்ன பேச அவரிடம்?

நரம்பு டாக்டரைப் பார்க்கக் காலையிலேயே போய் உட்கார்ந்தோம். சின்ன வயது டாக்டர், எங்கள் தமிழையும் தன் மலையாளத்தையும் கலந்து சாந்தமாகப் பேசினார். தம்பியை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டட்டும், வேகமாக, பெரிதாக என்றார். வலது கை தட்டியது. இடது கை தொடங்கியது, சிறுத்தது, நின்றது. டாக்டர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த மாறாத முகத்தை அப்பாவுக்காக உட்கார்ந்திருந்தபோதே நான் பார்த்திருக்கிறேன்.

"வீட்ல வேற ஆர்க்கெங்கிலும் இங்ஙனெ உண்டோ?" என்று, வேறு யாருக்காவது இப்படி இருந்ததா எனக் கேட்டார்.

"எங்க அப்பாவுக்கு" என்றேன். விரலால் பருப்பு உருட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்க, அல்லே?"

"ஆமா. நான் அக்கா."

"சும்மா நீங்களும் ஒண்ணு செஞ்சு பாருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நான் கூட வந்தவ" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, என்ன போச்சு என்று இரண்டு கையையும் நீட்டினேன். என் கையை எத்தனை வருஷமாக நான் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வலது கையில் மவுஸ், வலது கையில் கரண்டி, வலது கையில் சில்லறை. என் இடது கைக்கு என்ன வேலை இருந்தது? அந்த ஒரு பொத்தான்தான்.

தட்ட ஆரம்பித்தேன். வலது கை ஓடியது. இடது கை கூடவே கிளம்பியது, கொஞ்சம் பிந்தியது, இன்னும் பிந்தியது. விரல்களுக்கு நடுவே இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. நான் வேகமாக என்று மனசுக்குள் சொன்னேன், அது கேட்கவில்லை. சாலை பஜாரில் அந்தக் கடைக்காரனோடு போட்ட சண்டை ஞாபகம் வந்தது. பாவம், அவன் நல்ல கீபோர்டுதான் தந்திருக்கிறான். இரண்டு தடவையும்.

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நான் ட்ராக் கேட்பது போலத் தலையைச் சாய்த்து.

"ஒண்ணுகூடி" என்றார் டாக்டர்.

நான் மறுபடியும் கையை நீட்டினேன்.